மண்ணணைத் தண்ணீர்

மாடுகள் கரைக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டன. கெலமங்கலத்துக் குட்டைகளெல்லாம் வெடித்துக் கிடந்த ஐம்பத்தாறாம் வருஷத்துப் பங்குனி அது; இரண்டு நாளாகத் தண்ணீர் காணாமல் நாக்கைத் தொங்கவிட்டபடி வந்தவை, அணை நிறையத் தண்ணீரைப் பார்த்ததும் காதுகளை விறைத்துக்கொண்டு, ஓட்டிவந்த மாரம்மா வாலை முறுக்கியும் கோலால் தட்டியும் ஓரடிகூட நகராமல் நின்றன.

காட்டு விலங்குகளும் மேய்ச்சல் மாடுகளும் குடிக்கவும், தீப்பிடித்தால் மொண்டு அணைக்கவும் போன ஐப்பசியில்தான் காட்டோரத்தில் அந்தச் சின்ன மண்ணணையைக் கட்டியிருந்தார்கள். அங்கே தீக்காவலுக்கு இருந்தவன் அவளுடைய தம்பி கங்கப்பன்.

"மானுகூட இங்க குடிக்கறதில்லக்கா," என்றான். "வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருது."

"தண்ணி கெட்டுப்போச்சா?"

"நான் தெனமும் குடிக்கறேனே."

வெயில் சாய்கையில் மேற்கே மூங்கில்கள் ஒவ்வொன்றாய் வெடிக்கும் சத்தம் கேட்டது. காற்று திரும்பியதும், எரியும் உண்ணிச்செடியின் வாடையோடு புகை வந்து கண்ணைக் கரிக்க, புதர்களை முறித்துக்கொண்டு மான்களும் பன்றிகளும் ஒரு கரடியும் ஓடிவந்து, மாடுகளோடு உரசிக்கொண்டு கரையில் நின்றன. பின்னால் நெருப்பு. முன்னால் தண்ணீர். ஒன்றும் இறங்கவில்லை.

கங்கப்பன் இறங்கினான். முழங்கால் ஆழம். இடுப்பு. மார்பு. நடுவே போய் அவள் பக்கம் திரும்பி நின்றான்.

"வாக்கா. தண்ணி குளுகுளுன்னு இருக்குது."

முதுகில் சேலை சுட்டது. கன்றின் கயிற்றை இழுத்தாள். கன்று கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டது. அதன் வால்மயிர் பொசுங்கியது, அப்போதும் அசையவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள்.

"வாக்கா."

தண்ணீர் அவன் தாடையைத் தொட்டது. அவன் ஓரடிகூட நகர்ந்திருக்கவில்லை.

"கங்கப்பா, மேல வாடா."

"வாக்கா."

அவன் குரலில் அவசரமே இல்லை. மாரம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தண்ணீர் அவன் வாயை மூடியது. மூக்கை மூடியது. ஒரு குமிழிகூட வரவில்லை.

"வாக்கா. தண்ணி குளுகுளுன்னு இருக்குது."

கூந்தல் கருகும் நாற்றம். பக்கத்தில் ஒரு மான் நின்றபடியே எரிந்தது. தண்ணீருக்கு மேலே தம்பியின் இமைக்காத கண்கள். அவ்வளவுதான். அவள் காலடியிலிருந்து அக்கரைவரைக்கும், அணைத் தண்ணீர் முழுவதும், அவன் குரலில் அவளை அழைத்துக்கொண்டிருந்தது.