திரையில் அறுபத்து நாலு

காலை ஒன்பது மணி. போன் அலறியது.

"சார்... செத்துப் போச்சு."

"யாரு?" பதறினார் ரத்தப் பரிசோதனைக்கூட முதலாளி.

"சர்வர் சார். ஒரு ரிசல்ட்கூட வரலை. கவுண்டர்ல எண்பது பேர் நிக்கிறாங்க."

ஓடினார்.

சர்வர் அறையில் அவருடைய மாப்பிள்ளை நின்றிருந்தான். கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவன். ஏசி பதினெட்டில் ஓடியும் சட்டை நனைந்திருந்தது.

"நேத்து கடைசியா இங்க வந்தது யாரு?"

"ஆபரேட்டர் அக்கா, மாமா."

பொய்! வந்தவன் அவனேதான்...

ஒரே இயந்திரத்துக்குள் பத்து சர்வர்களை ஓட்டும் சாஃப்ட்வேர் அது. லைசென்ஸ் கோர் கணக்கு; கோர் என்பது சிப்புக்குள் வேலை பார்க்கும் மூளை. அவன் வாங்கியது முப்பத்திரண்டு கோருக்கு. சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆடிட் கடிதம் வந்ததும் திரையைப் பார்த்தான்... அறுபத்து நாலு!

பாதி திருட்டு என்று முடிவு கட்டினான். நேற்று மாலை பாதி கோர்களை அணைத்தான். திரை முப்பத்திரண்டுக்கு இறங்கியது. காலைக் கூட்டம் வந்ததும் இயந்திரம் படுத்துவிட்டது.

"நீங்க வேலையை விட்டுக் கிளம்பலாம்மா," என்றார் முதலாளி, மூலை மேஜையில் இருந்த ஆபரேட்டர் அக்காவிடம்.

அக்கா டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள். அவன் கல்யாண லீவில் பதினைந்து நாள் அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள்.

அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மாமா... நான்தான். லைசென்ஸ் பத்தலை. பாதி கோரை அணைச்சு மறைச்சேன். பழியை அக்கா மேல போட்டேன்."

வாசலில் யாரோ இருமினார்கள். சாஃப்ட்வேர் கம்பெனி ஆடிட்டர் அம்மாள்! உள்ளே வந்து இயந்திரத்தின் விவரத் தாளைப் புரட்டினார்.

"உள்ள ரெண்டு சிப். சிப்புக்குப் பதினாறு கோர். மொத்தம் முப்பத்திரண்டு. லைசென்ஸ் சரியாத்தானே இருக்கு?"

"அப்ப... அறுபத்து நாலு?"

"ஒவ்வொரு கோரும் ரெண்டு வேலை பாக்கும். திரை அதை ரெண்டுன்னு காட்டும். நாங்க ஒண்ணுன்னுதான் எண்ணுவோம். சிப்புக்குக் குறைஞ்சது பதினாறு கணக்கு. நீங்க பாதியை அணைச்சாலும் எங்களுக்கு அதே பதினாறுதான் தம்பி."

செய்யாத திருட்டை மறைக்கத்தான் இத்தனையும்!

முதலாளி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க, மாப்ள. அம்மா... மன்னிச்சுக்குங்க. இனிமே இவர் வேலையையும் நீங்களே பாருங்க."

அக்கா டிபன் பாக்ஸை மறுபடி மேஜை மேல் வைத்தாள்.

"பாக்குறேன் சார். ஆனா நான் கோர் இல்லை. ரெண்டு வேலை பார்த்தா ரெண்டு ஆளாத்தான் எண்ணணும்."