பதினைந்து புள்ளி ஆறு

புதன்கிழமை, காலை 11.10. போடி பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு தெர்மோகோல் பெட்டி காணாமல் போனது.

11.50. அதே பெஞ்சுக்கு அடியில், சாக்குக்குப் பின்னால் அது கிடைத்தது.

உள்ளே ஐஸ் பொட்டலங்கள் நான்கு, ரத்தக் குழாய்கள் ஒன்பது. ஒன்றும் குறையவில்லை. ஐஸ்கூட முழுதாக உருகவில்லை.

மதுரைப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றுக்குப் போடியில் ஒரு சின்னக் கிளை உண்டு. அங்கே ரத்தம் எடுத்து மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடுவது டெக்னீஷியன் பிரபுவின் வேலை. பெட்டியை பெஞ்சில் வைத்துவிட்டு போனில் பேசப் போவது அவனுடைய வழக்கம். அந்த நாற்பது நிமிஷத்தில் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டீக்கடையில் அப்போது ஏட்டு கன்னையன் இருந்தார். முப்பத்திரண்டு வருட சர்வீசில் அவர் கண்டுபிடித்தவை இரண்டு ஆடு, ஒரு சைக்கிள். ஆடுகளில் ஒன்று தானாகவே வீடு வந்து சேர்ந்தது. இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

"டிபன் பெட்டின்னு நெனச்சு எவனோ தூக்கிருக்கான். மட்டன் இருக்கும்னு தொறந்தா ரத்தம் மட்டும் இருந்திருக்கு. பதறிப் போயி வச்சிட்டான். கேஸ் முடிஞ்சுது, ஆளுக்கு ரெண்டு வடை சொல்லுடா பிரபு."

எல்லோரும் சிரித்தார்கள். பெட்டியைத் தேட ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்த, மலைத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டிரைவர் பாண்டியராஜும் சிரித்தார். பங்குனி வெயிலில் அவர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இறக்கி பட்டன் போட்டிருந்தார்.

"என்ன மாப்ளே, வேட்டியைக்கூட முழங்காலுக்கு மேல கட்டுற ஆளு நீ. இன்னைக்குப் பொண்ணு பாக்கப் போறியா?" என்றார் கன்னையன்.

"மலையில பனி மாமா."

"போடியிலயுமா?"

வடை வந்தது. பேச்சு வடைக்குப் போய்விட்டது. பெட்டி 12.15 பஸ்ஸில் மதுரைக்குப் போனது.

அந்த ஒன்பது குழாய்களில் இரண்டு சுருளியம்மாளுடையவை. ஏலக்காய் சேமிக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கும் பெண். வயது நாற்பத்தாறு. புருஷன் இல்லை, ஒரே மகள் சிவரஞ்சனி, ஒரே தம்பி ஜீப்பு பாண்டியராஜ். வெடித்த காயையும் பொக்குக் காயையும் பார்க்காமலே விரலால் ஒதுக்குகிறவள். தன் மார்பில் இருந்த கட்டியையும் அந்த விரல்தான் கண்டுபிடித்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை மதுரையில் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் வியாழக்கிழமை, அந்த முறைக்கான மருந்தையும் ஏற்றினார்கள்.

மருந்து ஏற்றிய பத்தாம் நாள், காலை 7.30. சுருளியம்மாள் வாசல் தெளிக்கும்போது விழுந்தாள். நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். பாண்டியராஜ்தான் அக்காவை அள்ளிப் போட்டுக்கொண்டு மதுரைக்கு ஜீப்பை விரட்டினார். வழி நெடுக அழுதுகொண்டே ஓட்டினாராம். ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிழைத்தாள். நிற்கக்கூடத் தெம்பில்லை.

*

வெள்ளிக்கிழமை, காலை 10.00. பெட்டி காணாமல் போய் இருபத்து மூன்றாம் நாள். கிளையின் நர்ஸ் ஈஸ்வரி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

"அண்ணே, அந்தப் பெட்டி கேஸ் இருக்கா?"

"அதுக்கு வடை வச்சுக் கருமாதி முடிச்சாச்சேம்மா."

அவள் சிரிக்கவில்லை. மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள்.

"மருந்து ஏத்துறதுக்கு முந்தின நாள் ரத்தத்துல எண்ணிக்கை பாப்பம்ணே. அந்தப் புதன்கிழமை சுருளியக்கா ஹீமோகுளோபின் இது."

"பதினைந்து புள்ளி ஆறு."

"அதுக்கு மூணு வாரம் முந்தி எட்டு புள்ளி ஒம்பது."

"தேறி வந்திருக்காப்புல. நல்லதுதானே?"

"மதுரை டூட்டி டாக்டரும் இதையேதான் சொல்லிருப்பாரு. எண்ணிக்கை கெட்டுப் போயி வந்தா பத்துப் பேரு கேப்பாக. நல்லா வந்தா எவனும் கேக்க மாட்டான். அண்ணே, நான் போடியில பதினோரு வருசமா இருக்கேன். காய் பொறுக்குற பொம்பளை ஒருத்திக்கும் பன்னெண்டுகூடப் பாத்ததில்ல. கீமோ ஏத்துற உடம்புல பதினஞ்சரைக்கு மேல எப்படி வரும்?"

கன்னையன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கணக்கை நம்பித்தான் மறுநாள் மருந்தை ஏத்திருக்காக. நெசத்துல அக்காவுக்கு ரத்தம் அடிமட்டத்துல கெடந்திருக்கு. அதான் விழுந்துச்சு. நேத்து மதுரை லேப்புல சண்டை போட்டு, அக்கா பேர்ல போன ரெண்டு டியூப்ல மிச்சம் வச்சிருந்ததைத் திரும்பப் பாக்க வச்சேன்."

"ம்."

"அது ஆம்பளை ரத்தம்ணே."

தான் தின்ற இரண்டு வடையும் இருபத்து மூன்று நாள் கழித்துத் தொண்டையில் வந்து நிற்பதாகக் கன்னையனுக்குத் தோன்றியது.

"ரெண்டு டியூப் எதுக்கும்மா?"

"ஒண்ணு எண்ணிக்கைக்கு. இன்னொண்ணு மரபணுச் சோதனைக்கு. அக்காவோட ஆத்தாவும் சித்தியும் இதே மார்புப் புத்துல..."

'மார்பு' என்றதும் ஏட்டின் கண் தானாகச் சுவரிலிருந்த காலண்டருக்குப் போனது. ஈஸ்வரி கவனித்தாள்.

"காலண்டர்ல ஒண்ணும் இல்லண்ணே. இங்க பாருங்க. ஆம்பளைக அத்தனை பேரும் இப்படித்தான். இந்தப் பேச்சை எடுத்தா காலண்டரு, இல்லன்னா வாசல்."

"சொல்லும்மா, சொல்லு."

"இந்த நோய் வர்றவுகள்ல கொஞ்சப் பேருக்குப் பரம்பரைக் கோளாறு இருக்கும். அது இருக்குன்னு தெரிஞ்சா அதுக்குன்னே ஒரு மாத்திரை இப்ப வந்திருக்கு. ஆபரேஷன் ஒரு பக்கமா, ரெண்டு பக்கமான்னு முடிவெடுக்கவும் அது வேணும். சிவரஞ்சனியையும் முன்கூட்டியே கண்காணிக்கலாம். ஆத்தா வழியிலயும் வரும், அப்பன் வழியிலயும் வரும். பொண்ணுக்கும் வரும், பையனுக்கும் வரும்."

"ஆம்பளைக்குமா?"

"அவுகளுக்கு நோயா வர்றது ரொம்பக் கொறைச்சல். ஆனா பிள்ளைகளுக்குக் குடுத்துட்டுப் போயிருவாக."

"சரி, சோதனை என்ன சொல்லுது?"

"கோளாறு இருக்குன்னு வந்திருக்கு. ஆனா ரத்தம் அக்காவோடது இல்லையே. இதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. மறுபடி எடுத்தனுப்பி மூணு வாரம் காத்திருக்கணும். ஆபரேஷன் தேதி போச்சு."

கன்னையன் தாடையைச் சொறிந்தார். ரத்தத்தை மாற்றியவனுக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும். நல்ல ரிசல்ட் வரவேண்டும் என்று மாற்றியிருந்தால் நல்லதாக வந்திருக்கும். வந்ததோ கெட்டது. கெட்ட செய்தி வரவேண்டும் என்று எவனாவது பெட்டியைத் திருடுவானா?

*

காலை 11.30. பிரபு.

"டியூப் மேல ஒட்டுன பேர்ச் சீட்டு உரியுமா?"

"ஐஸ்ல ஈரமாயிட்டா லேசா வந்துரும் சார்."

"சுருளிக்கு எடுக்குறது ஊதா மூடி போட்ட டியூப் ரெண்டுன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"கூட வர்ற எல்லாருக்கும் தெரியும். அவுக மகளுக்கு, தம்பிக்கு."

"அன்னைக்குக் கூட யாரு வந்தா?"

"மகதான். தம்பி வரல. ஜீப்பு மலைக்குப் போயிருச்சுன்னு சொன்னாக."

கன்னையன் தலையில் அடித்துக்கொண்டார். பிரபுவின் தலையில் அல்ல, தன் தலையில்.

12.10. ஈஸ்வரிக்கு போன்.

"மரபணுச் சோதனையைப் பத்தி யார்கிட்ட வெளக்கம் சொன்ன?"

"அக்கா, மக, தம்பி மூணு பேருக்கும் சேத்துத்தான். கூடப்பொறந்தவுக, அவுக பிள்ளைகன்னு குடும்பம் பூராவும் பாக்கணும்னு ஆரம்பிச்சேன்."

"தம்பி முழுசாக் கேட்டாரா?"

"எங்க? 'மார்பு'ன்னு படத்தைக் காட்டுனதும் பொம்பளைக சோலின்னு வெளிய போயி நின்னுக்கிட்டாரு."

மாலை சுருளியம்மாளிடம் புதிதாக எடுத்த ரத்தம் மதுரைக்குப் போனது. இந்த முறை பெட்டி பஸ்ஸில் தனியாகப் போகவில்லை. ஏட்டு கன்னையன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டியில் ஒருவர், "சாப்பாடா சார்?" என்று கேட்டார். அவர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.00. சுருளியம்மாள் வீடு.

கட்டிலில் அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். முடியில்லாத தலையில் துண்டு. பக்கத்தில் சிவரஞ்சனி. நாற்காலியில் ஈஸ்வரி. தம்பி பாண்டியராஜ் இளநீர் கொண்டுவந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நீ தினமும் பொம்பளையாளுகளை ஏத்திக்கிட்டு மலைக்குப் போற. திரும்பி எப்ப எறங்குவ?"

"சாயந்தரம்தான் மாமா. ஆளுகளை மறுபடி ஏத்திக்கிட்டு வரணும்ல."

"பதினேழு கொண்டை ஊசி வளைவு. வெறும் வண்டியா எவனும் நடுவுல எறங்க மாட்டான். அந்தப் புதன்கிழமை காலை பதினொண்ணுக்கு நீ டீக்கடையில என்ன செஞ்ச?"

அரிவாள் இளநீரில் நின்றது.

"அக்காவுக்கு ரத்தம் எடுக்குறாகன்னு..."

"ரத்தம் எடுக்குற எடத்துக்கு நீ வரல. ரத்தம் பஸ் ஏறுற எடத்துக்குத்தான் வந்திருக்க. பெட்டியைத் தேடப் போறேன்னு கெளம்புனவன் நீ ஒருத்தன்தான். பெட்டி உன் ஜீப்புலயே இருந்துச்சு. ஐஸ் உருகாம நெழல்ல வச்சிருந்த. சாதாரணத் திருடன் ஐஸைப் பத்திக் கவலைப்பட மாட்டான். இவன் ரத்தம் கெடாமப் போய்ச் சேரணும்னு நெனச்ச திருடன். மத்த ஏழு டியூப்பும் ஊரான் வீட்டு உசிருன்னு அக்கறையாத் திருப்பி வச்ச பாரு, அதுக்கு உனக்கு ஒரு கும்பிடு. பங்குனி வெயில்ல பட்டன் போட்ட கைக்குள்ள, ரத்தம் எடுத்த எடத்துல பஞ்சு ஒட்டியிருந்துச்சு. என் கண்ணு முன்னாடி. நான் அதைப் பாத்துக் கேலி பேசிட்டு வடை தின்னேன்."

சிவரஞ்சனி மெல்ல எழுந்தாள். "மாமா?"

பாண்டியராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எஸ்டேட்டு கம்பவுண்டர்கிட்ட லைசென்சுக்குன்னு சொல்லி என் ரத்தத்தை ரெண்டு டியூப் எடுத்தேன்." குரல் தரையோடு பேசியது. "மூத்தவளைத் தேவாரத்துல பேசி முடிச்சிருக்கோம். வைகாசியில நிச்சயம். எங்க வம்சத்துலயே இது இருக்குன்னு எழுத்துல வந்துட்டா, ரெண்டு பொட்டப்பிள்ளைக கழுத்துலயும் எவன் தாலி கட்டுவான்? அக்காவுக்கு நோய் இருக்குன்னு எப்படியும் தெரியும், மருந்து ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. காகிதம் சுத்தமா வந்தா அதுக்கென்ன கொறைச்சல்னு... இன்னொரு டியூப்பு எதுக்குன்னு எனக்குத் தெரியாது மாமா. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சா செய்வனா?"

"ஏன் உன் ரத்தத்தைக் குடுத்த?"

"வேற யாரை நம்பி... ஆம்பளை ரத்தம்தானே. இது பொம்பளைக நோய். என்கிட்ட எங்க இருந்து வரும்?"

கன்னையன் ஈஸ்வரியைப் பார்த்தார். அவள் காகிதத்தை மடிப்புப் பிரித்துப் பாண்டியராஜின் முன் தரையில் வைத்தாள்.

"சுத்தமா வரலண்ணே. கோளாறு இருக்குன்னு வந்திருக்கு."

"பாத்தியா, அக்காவுக்கு..."

"இது அக்காவோடது இல்ல."

பாண்டியராஜுக்குப் புரிய நேரமாயிற்று. கன்னையன் காலண்டரைத் தேடவில்லை. நேராக அவரையே பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு நாளா எனக்கும் ஓடல மாப்ளே. கெட்ட சேதி வரணும்னு எவன் மாத்துவான்னு மண்டையைப் போட்டு ஒடச்சேன். அப்பறம்தான் பட்டுச்சு. மாத்துனவன் தன் ரத்தம் சுத்தம்னு நம்பி மாத்திருக்கான். ஆம்பளை. இந்தக் குடும்பத்துக் கோளாறை ரத்தத்துல சொமக்குற ஆம்பளை. சுருளிக்கு அப்பன் இல்ல, மகன் இல்ல. நீ ஒருத்தன்தான். ஈஸ்வரி வெளக்கம் சொன்ன அன்னைக்கு வெக்கப்பட்டு வாசல்ல நிக்காம இன்னும் அஞ்சு நிமிசம் உள்ள இருந்திருந்தா, ஆம்பளையும் கடத்துவான்னு உன் காதுல விழுந்திருக்கும்."

"எம் பிள்ளைகளுக்கு?"

"ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு," என்றாள் ஈஸ்வரி. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

பாண்டியராஜ் அக்காவின் காலைப் பிடிக்க நகர்ந்தார். சுருளியம்மாள் காலை மடக்கிக்கொண்டாள்.

"உன் ரத்தம் என் பேரைப் போட்டுக்கிட்டு மதுரைக்குப் போயிருக்கு," என்றாள். குரலில் காற்றுதான் அதிகம் இருந்தது. "தாய்மாமன் சீர்னு எம் மகளுக்கு எவ்வளவோ செஞ்ச. எனக்குன்னு நீ செஞ்சது இது ஒண்ணுதான்டா பாண்டி."

கன்னையன் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்தார். "சுருளி, நீ சொன்னா கேஸ் எழுதுறேன். வேணாம்னா விட்டுர்றேன். உன் தம்பி."

அவள் மன்னித்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். பாண்டியராஜும் அப்படித்தான் நினைத்தார். ஊரில் அக்காமார்கள் அப்படித்தான்.

"எழுதுங்கண்ணே," என்றாள் சுருளியம்மாள். "தம்பின்னும் எழுதுங்க."

பிறகு ஈஸ்வரியிடம் திரும்பினாள். "நாளைக்கு அவன் பிள்ளைக ரெண்டையும் கூட்டிட்டு வரச் சொல்லு. சிவரஞ்சனியோட சேத்து அதுகளுக்கும் எடு. எனக்கு விரல்ல பட்டப்பறம்தான் தெரிஞ்சுச்சு. அதுகளுக்கு அதுவரைக்கும் காத்திருக்க வேணாம்."

இளநீர் வெட்டியபடியே கிடந்தது. கன்னையன் காகிதத்தை முட்டியில் வைத்துப் பேனாவைத் திறந்தார். புகார் எங்கிருந்து தொடங்கும் என்று யோசித்தார். காலை 11.10க்கு பெட்டி காணாமல் போனதிலிருந்தா?

இல்லை. முதல் வரியில், 11.50 மணிக்குச் சிரித்துக்கொண்டே வழக்கை முடித்து வைத்த ஏட்டின் பெயரை எழுதினார்.