அம்மாவின் இரண்டு பாடங்கள்

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தது அப்பா. ஆளும் சின்னது, சூடு பட்டால் படபடவென்று பொரிந்துவிடுவாள். ஆனால் இந்தச் சனிக்கிழமை காலை அவள் பொரிந்ததில் நியாயம் இருந்தது. நேற்று வாங்கிய அவளுடைய புது ரப்பர், பட்டாணி அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது.

தேய்த்தது அம்மா.

"அம்மா, இது ஏழாவது தடவை!"

"ஒரே ஒரு தடவை, கண்ணு. கணக்கை அழிச்சிட்டு வரலாறு போட்டுடறேன்."

அம்மா பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் கல்வியியலிலோ சமூகப்பணியிலோ பட்டம் வாங்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. பள்ளியை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டதால், பட்டப்படிப்புக்கு முன்னால் ஒரு வருடம் அடிப்படைப் பாடங்களைப் படிக்க வேண்டும். மொழியும் கணினியும் எல்லோருக்கும் உண்டு. கணக்கு, வரலாறு, சமூகவியல், குழந்தை வளர்ச்சி என்ற நான்கில் இரண்டை அவரே தேர்ந்தெடுக்கலாம்.

அந்த இரண்டில்தான் வந்தது வினை.

விண்ணப்பத்தை இன்று ஒரு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். போன வருடமும் இப்படித்தான், யோசித்து யோசித்துக் கடைசி நாள் போயே போய்விட்டது. அன்று அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே கேட்காது என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

மணி பத்தரை. பெரிய மாமா போன் செய்தார்.

"கணக்கு எடும்மா. கணக்குக்குத்தான் மதிப்பு."

அம்மா கணக்கு என்று எழுதினார். மாடி வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, கணக்கா? வரலாறு எடு. மனப்பாடம் பண்ணா போதும், பாஸ்!"

அம்மா கணக்கை அழித்தார். அப்பா பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"உனக்கு எது சரின்னு படுதோ அதை எடு."

இதுதான் எல்லாவற்றையும்விட உபயோகமில்லாத யோசனை. கடுகு பல்லைக் கடித்தாள்.

"அம்மா, படிக்கப் போறது யாரு? மாமாவா? மாடி அத்தையா?"

"தப்பா எடுத்து ஃபெயிலாயிட்டா ஒரு வருஷம் வீணாயிடும்டி."

"எடுக்காமலேதான் போன வருஷம் வீணாப் போச்சே!"

சொன்ன பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா எழுந்துபோய்த் துணிகளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். மனசு சரியில்லை என்றால் அம்மா இஸ்திரிதான் போடுவார்.

கடுகு பாடங்களின் விளக்கப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் படிக்கிறேன். நீ சும்மா கேளு, போதும்."

கணக்கிலிருந்து தொடங்கினாள். அரைப் பக்கம் படித்தாள்.

"ம்ம்," என்றார் அம்மா. இஸ்திரிப் பெட்டி நிற்காமல் ஓடியது.

வரலாறு ஒரு முழுப் பக்கம்.

"ம்ம். அந்தத் தலையணை உறையை எடு."

அடுத்தது சமூகவியல். "ஒரே தெருவில் வாழும் குடும்பங்களுக்குள் ஏன் இவ்வளவு வேறுபாடு?" என்று கடுகு படித்ததும் இஸ்திரிப் பெட்டி நின்றது. அம்மா அதை நிமிர்த்தி வைத்தார்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்! காப்பகத்துல ஒரு பாப்பாவோட அம்மா தினமும் லேட்டா வராங்கன்னு எல்லாரும் திட்டறாங்க. அவங்க ரெண்டு வேலை பார்க்கறாங்க. ஏன் லேட்டுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

அம்மா மறுபடி பெட்டியை எடுத்து அப்பாவின் சட்டை ஒன்றைத் தேய்க்க ஆரம்பித்தார். கடுகு குழந்தை வளர்ச்சிக்குப் புரட்டினாள்.

"இரண்டு வயதுக் குழந்தைகள் சிலர் ஏன் கடிக்கிறார்கள்?"

"பேச வரலைன்னா கடிக்காம என்ன செய்யும்?" அம்மாவின் இரண்டு கைகளும் காற்றில் ஆடின. "எங்க காப்பகத்துல ஒரு வாண்டு இருக்கான். அவனுக்கு 'எனக்கு வேணும்'னு சொல்லக் கத்துக்குடுத்தேன். மறுநாள்லேர்ந்து கடிக்கறதே இல்ல! ஆனா சில பிள்ளைங்களுக்கு அது பலிக்கல. ஏன் பலிக்கலன்னு எனக்குத் தெரியணும்..."

"அம்மா."

"இரு, சொல்லி முடிச்சிடறேன்..."

"அம்மா, புகை!"

அம்மா பெட்டியைத் தூக்குவதற்குள் அப்பா ஓடி வந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், இஸ்திரிப் பெட்டியின் உருவம் அச்சு அசலாகப் பதிந்திருந்தது.

"என் சட்டை!"

"இருங்கப்பா," என்றாள் கடுகு. "அம்மா, கணக்கு படிச்சப்ப ஏதாவது கருகுச்சா?"

"இல்ல."

"வரலாறு படிச்சப்ப?"

"இல்லடி."

"சமூகவியலுக்குப் பெட்டி நின்னுச்சு. குழந்தை வளர்ச்சிக்குச் சட்டையே போச்சு. இன்னும் என்னம்மா யோசனை?"

அம்மா சட்டையைப் பார்த்தார். கடுகைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரக் கொஞ்சம் தாமதமானது.

கடுகு ரப்பரைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு பேனாவை நீட்டினாள்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருவரும் மூச்சு வாங்க அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்றார்கள். எழுத்தர் விண்ணப்பத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தேய்ந்த இடத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது.

"இதை எலி கடிச்சிடுச்சா?"

"இல்ல சார், எங்க அம்மா யோசிச்சாங்க," என்றாள் கடுகு.

டப்பென்று முத்திரை விழுந்தது. அம்மா கடுகின் கையை வலிக்கும் அளவுக்கு அழுத்தினார். கடுகு கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வாழ்த்துகள்மா. பட்டத்துக்கு எதை எடுக்கப் போறீங்க? கல்வியியலா, சமூகப்பணியா?"

அம்மாவின் நெற்றி சுருங்கியது. "அதுதான் சார்... ரெண்டுமே..."

கடுகு அவசரமாக முந்திக்கொண்டாள். "அதை எப்ப சொல்லணும் சார்?"

"அடுத்த வருஷம் சொன்னா போதும் பாப்பா."

கடுகு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். அப்பாவிடம் இன்னும் நான்கு சட்டைகள் இருக்கின்றன.