கெட்டிமேளத்துக்கு அடியில்

புது ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பித்துச் சற்று நேரம்கூட ஆகவில்லை, அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. கெட்டுப்போகிற டிஸ்க் போடும் கரகரப்பு லிங்கராஜுக்கு நன்றாகத் தெரியும். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் அதைக் கேட்காமல் இருக்க முடியுமா? இந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. யாரோ நகத்தால் மைக்கின் தலையைத் தட்டிப் பார்ப்பதுபோல் இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. கேட்கிறதா என்று சோதிக்கிறவர்கள் தட்டுகிற தட்டு.

நாலு டிஸ்க் போட்ட அந்தக் கறுப்புப் பெட்டி வீட்டின் நடு அறையில் இருந்தது. அவன் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் அதற்குள்தான். ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் திரும்ப எழுதிவிடும். "நம்மகிட்ட குடுத்தா எதுவும் அழியாது அண்ணாச்சி" என்று மண்டபம் மண்டபமாகப் பீற்றிக்கொண்ட ஆள் அவன். இப்போது போடப் போட டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றினான். பவர் சப்ளையை மாற்றினான். வேறு கம்பெனி டிஸ்க் வாங்கினான், வேறு இடத்தில் மாட்டினான். உப்பளத்துக் காற்று இரும்பையே தின்றுவிடும் ஊர் என்று ஜன்னலை அடைத்து ஏசியை ஓடவிட்டான். கடைசியில், வெள்ளிக்கிழமைதோறும் வீடெல்லாம் சாம்பிராணி காட்டும் மனைவி இந்துமதியின் மேல் பாய்ந்தான்.

"ஏளா, ஒன் பொகைதான் எல்லாத்தையும் கெடுக்கு. இந்த ரூமுக்குள்ள அதக் கொண்டாராத."

அவள் தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "பொகை எல்லாக் கல்யாணத்து மேலயும்தான படுது? அந்த ஒரு கல்யாணத்தத் தொறந்தாத்தான போகுது?"

லிங்கராஜ் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். புகை காரணமில்லை என்பது அவனுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தே வைததில் அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

மற்ற கல்யாணங்களை எத்தனை தடவை திறந்தாலும் பெட்டி சாதுவாக ஓடியது. ஏரல் வெள்ளத்துரையின் மகள் சந்தனச்செல்வியின் கல்யாணத்தைத் தொட்டால்தான் தட்டல் தொடங்கும், சற்றைக்கெல்லாம் புது டிஸ்க் செத்துவிடும். அந்தக் கல்யாணத்துக்கு வேறு பிரதியும் கிடையாது. கேமரா கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அப்போதே அழித்திருந்தான். வீடியோ கைக்குப் போகும் முன்பே, புகுந்த வீட்டில் அந்தப் பெண் செத்துப்போனாள். வயிற்றுவலி என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அதற்கு மேல் யாரும் துருவவில்லை.

வெள்ளத்துரை மட்டும் போன் செய்துகொண்டே இருந்தார். அவர் குரலில் துளி கோபம் இருக்காது. இரண்டு வசவு வைதாலாவது தேவலை என்று லிங்கராஜுக்கு இருந்தது.

"தம்பி, ரெடியாயிட்டா? அவ பேசுனது கொஞ்சம் இருந்தாப் போதும். கொரலு மறந்துபோயிருமோன்னு பயமா இருக்கு."

"மிஷின்ல ஒரு கோளாறு அண்ணாச்சி. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னைக்கு தூத்துக்குடிக்குத்தான் வாரேன். இருக்கதப் பாத்துட்டுப் போயிருதேன்."

"சரி, வாங்க அண்ணாச்சி" என்று போனை வைத்தான்.

சந்தனச்செல்வி பேசியதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். முகூர்த்தத்துக்கு முன்னால் மணமகள் அறையில் அவள் முந்தானையில் காலர் மைக் குத்தியிருந்தார்கள். சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். அந்த வீட்டைச் சேராத ஒரே ஆள், கேமராவுக்குப் பின்னால் நின்ற லிங்கராஜ். அவர்கள் பூவைப் பற்றி ஏதோ சச்சரவில் இருந்த நேரம் பார்த்து அவள் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, எங்கப்பாவக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ணே." அவன் கூப்பிடவில்லை. முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, வெளிச்சமும் அருமையாக அமைந்திருந்தது. பிறகு எடிட் செய்யும்போது ஹெட்போனில் அதே குரல். தாலி ஏறும் நேரத்தில் அபசகுனமாக ஒரு சொல்லோ தும்மலோ காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறார்கள்? அவனும் அதையே செய்தான். மண்டபத்துக் கெட்டிமேளத்தை வெட்டி எடுத்து அவள் குரல் இருந்த இடத்தில் ஒட்டினான். குரலைச் சுத்தமாக எடுத்துவிட்டான்.

சாவுச் சேதி வந்த நாளிலிருந்து கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்யக்கூட அவனால் முடியவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்றிருந்தது. ஒவ்வொரு டிஸ்க் சாகும்போதும், ஒரு கணம், அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெள்ளத்துரை வந்தார். கையில் தோட்டத்து வாழைப்பழம் ஒரு சீப்பு. தோளில் வெளுத்த துண்டு. இந்துமதி காப்பி கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

"ஓடுற வரைக்கும் ஓடட்டும் தம்பி. நான் ஒண்ணும் நெனைச்சுக்கிட மாட்டேன்."

லிங்கராஜ் அந்தக் கல்யாணத்தைத் திறந்தான். தட்டலுக்காகக் காது கொடுத்து நின்றான். தட்டல் வரவில்லை. எந்த டிஸ்க்கும் சாகவில்லை. அடைத்த அறையில், ஏசியின் குளிர்ந்த ஈரவாடையோடு, எங்கிருந்தோ வாடிய மல்லிகையும் தலையில் வைத்த எண்ணெயும் கலந்து ஒரு வாசனை மெல்லப் பரவியது, கூட்டம் நிறைந்த சிறிய அறையில் மூச்சு முட்டுமே, அப்படி. திரையில் சந்தனச்செல்வி வந்தாள். கெட்டிமேளம் முழங்கியது. மேளத்துக்கு நடுவே அவள் உதடு அசைந்தது.

"என்னமோ சொல்லுதாளே" என்றார் வெள்ளத்துரை.

"சும்மா பேசிக்கிட்டிருந்தாங்க அண்ணாச்சி."

வாய்கூசாமல் சொல்லிவிட்டான். சொன்ன கையோடு நாதஸ்வரம் நின்றது. தவில் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் குறைந்தது. ஒற்றை அடி. இன்னொரு அடி. அதுவும் இல்லை.

"அண்ணே, எங்கப்பாவக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

அழித்த குரல். எடிட்டில் இல்லாத குரல். பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அத்தனை தெளிவு.

வெள்ளத்துரை அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பான்.

"அண்ணே, எங்கப்பாவக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

ஒரே ஒரு முறைதான் அவள் கேட்டாள். அவனுக்குத் தெரியும். அவன் எடுத்த வீடியோ. மறுபடி கேட்டாள். மறுபடி.

லிங்கராஜ் பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியின் விசிறி நின்றது. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டான். நாலும் தரையில். திரையின் வயரையும் இழுத்துப் பிடுங்கினான்.

திரை அணையவில்லை.

"அண்ணே."

அப்புறம் இன்னொரு குரல். உற்சாகமான குரல். அவன் குரல்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம் தங்கச்சி. இங்கன பாருங்க. நல்லா சிரிங்க."

அவள் பார்த்தாள். சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு அந்தக் காட்சி முடிய வேண்டும். முடியவில்லை. சிரித்தபடியே இருந்தாள். கண் நிறைந்தது. மை கரைந்து இறங்கியது. உதடு மட்டும் அப்படியே.

வெள்ளத்துரை எழுந்து போய்த் திரைக்கு முன்னால் குந்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அவள் கண்ணுக்குக் கீழே ஒற்றினார்.

"அழாத தாயி. அப்பா வந்துட்டேம்லா."

துண்டு நனைந்து வந்தது. கறுப்பாக. வேறு முனையைத் திருப்பி ஒற்றினார். அதுவும் நனைந்தது. வெளுத்த துண்டு முழுக்க மையாகி, அவர் முழங்கை வழியாகத் தரையில் சொட்டத் தொடங்கிய பிறகும் அவர் ஒற்றிக்கொண்டேதான் இருந்தார். அவர் தலைக்கு மேலாக, கண்ணை எடுக்காமல் லிங்கராஜைப் பார்த்து, அவன் சொன்னபடியே, அவள் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.