மூன்றாவது முகவரி வரி

அவனுக்கு அழகான கண்கள் என்பதே ரெனேவுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. குப்பை என்று சொன்ன வாய்க்கு மேலே அப்படியா இரண்டு கண்கள்...

“பத்து வருஷமா நான் அடிச்ச டேட்டா உங்களுக்குக் குப்பையா?”

“எல்லாத்தையும் சொல்லலீங்க, மூணாவது முகவரி வரியை மட்டும்தான். ‘நாய் கடிக்கும்’னு எங்கயாவது முகவரி உண்டா?” டாரின் சிரித்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், லாரியில் போய் வீட்டுத் தொட்டிகளில் கேஸ் நிரப்பும் கம்பெனி அது. பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த ஏஎஸ்/400 என்ற பழைய கம்ப்யூட்டரிலிருந்து வாடிக்கையாளர் விவரங்களை மேஜைக் கம்ப்யூட்டரின் டேட்டாபேஸுக்கு மாற்றித்தர டாரின் தலைநகர் மேடிசனிலிருந்து வந்திருந்தான். பழைய இயந்திரத்தில் குறிப்பு எழுத இடமே கிடையாது. காலியாகக் கிடந்த மூன்றாவது முகவரி வரியில்தான் டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ரெனே எழுதிவந்தாள். அந்த வரியை வெட்டிவிட்டு மற்றதை மாற்றிவிட்டான் அந்த மகராசன்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?”

வெளியே அக்டோபர் மழை கொட்டியது. முதலாளி வேய்ன் அதற்குள் புதிய டேட்டாபேஸிலிருந்தே அன்றைய டெலிவரி சீட்டுகளை அச்சடித்து டிரைவரிடம் கொடுத்திருந்தார். ரெனே அவற்றின் நகல்களைக் கோபமாகப் புரட்டினாள். ஐந்தாவது சீட்டில் கை நின்றது. ஆக்னஸ் குபியாக்.

“இன்னிக்கு வண்டில யாரு?”

“புது டிரைவர்னு சொன்னாங்க... ஏன்?”

“அந்தம்மா வீட்டுப் பாலம் லாரியைத் தாங்காது! பின்வழியா போகணும்னு அந்தக் குப்பையிலதான் எழுதியிருந்தேன்!”

அவன் முகம் வெளுத்தது. கோட்டைக்கூட எடுக்காமல் மழையில் ஓடினான். கேட்டைத் தாண்டப்போன லாரிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றான். ஓரடி தூரத்தில் வண்டி நின்ற பிறகுதான் ரெனேவுக்கு மூச்சே வந்தது. பாவி... செத்துகித்துத் தொலைந்திருந்தால்?

விஷயம் தெரிந்ததும் வேய்ன் அவள்மேல்தான் பாய்ந்தார். “முகவரி எழுதுற இடத்துல யாராவது கதை எழுதுவாங்களா, ரெனே? தப்பு உன்னோடது. இனிமே உன்னை நம்பி எப்படி ஆபீஸை விடுறது?”

பத்து வருட உழைப்புக்கு இதுதான் பரிசா! கண்கள் பொங்கின. அழக்கூடாது... இவன் முன்னால் மட்டும் அழவே கூடாது.

“இல்லீங்க வேய்ன்,” என்றான் டாரின், சொட்டச் சொட்ட நின்றபடி. “அவங்க எழுதினதாலதான் இத்தனை வருஷம் யாருக்கும் ஒண்ணும் ஆகல. கேக்காம வெட்டினது நான். என் திமிரு.”

வேய்ன் முணுமுணுத்தபடி தன் அறைக்குப் போனார். ரெனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் மட்டும் ஏனோ பழைய வேகத்தில் வர மறுத்தது.

மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி மாற்றினான். ‘டிரைவருக்குக் குறிப்பு’ என்று தனி இடமே வைத்திருந்தான். ஒவ்வொன்றையும் அவளிடம் படித்துக்காட்டிச் சரிபார்த்தான். வாடிக்கையாளர் பட்டியலின் கடைசியில் ஒரு புதுப் பெயர்... டாரின் ஸ்கோலாஸ்.

‘கேட்காமல் இனி எதையும் வெட்டமாட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஹோட்டலில் மீன் வறுவல் சாப்பிட ரெனேயோடு போக ஆசை. முதல் சண்டையிலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டான்.’

“இதுவும் முகவரி இல்லையே, குப்பைதானே... வெட்டிடவா?” என்றாள் ரெனே.

அந்தக் கண்கள் வாடிப்போயின. போதும், பாவம் என்று தோன்றியது அவளுக்கு. கீபோர்டை இழுத்து அதற்குக் கீழேயே தட்டினாள்.

‘ஆறு மணிக்கு என் வீட்டு முன்வாசலுக்கு வரவும். நாய் கடிக்காது. எனக்கும் உன்னைப் பிடித்திருக்கிறது.’