ஹாலுக்கு ஒரு கம்ப்யூட்டர்

"ஹலோ, கையை எடுங்க!"

"நீங்க எடுங்க. நான்தான் முதல்ல தொட்டேன்."

"தொட்டா ஆச்சா? நான் அந்தக் கோடியிலிருந்தே பார்த்துட்டு வந்தேன்."

"பார்த்ததுக்கெல்லாம் பில் போட மாட்டாங்க, மேடம்!"

வெளியே கொட்டோ கொட்டென்று மழை. உள்ளே, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் அந்தக் கடையின் தள்ளுபடி அலமாரியில் ஒரே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. விளையாட்டுகளைத் திரையில் தடங்கலில்லாமல் ஓட வைக்கிற சமாசாரம் அது. பெட்டியின் ஒரு முனையில் அவள் கை, மறுமுனையில் அவன் கை... இரண்டு பேரும் விடுவதாக இல்லை.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். காலையிலிருந்து மாலைவரை 'இந்த எழுத்து தெரியுதா, இது தெரியுதா' என்று கேட்டே பொறுமை வளர்த்தவள். அந்தப் பொறுமையெல்லாம் அன்றைக்கு எந்த ஊருக்குப் போயிருந்ததோ தெரியவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். நெடுநெடுவென்ற உயரம், சட்டையில் கிரீஸ் கறை, மூக்கில் ஒரு கோணல் கண்ணாடி. 'நெட்டைக் கொக்கு' என்று மனசுக்குள் பெயரே வைத்துவிட்டாள்.

"சரி, இதை எந்த கேபினட்ல போடப் போறீங்க?" என்றான் அவன்.

அவள் தன் தள்ளுவண்டியைக் காட்டினாள். டிவிக்குக் கீழே செருகுகிற மாதிரி தட்டையாக ஒரு கறுப்புப் பெட்டி.

"அதுல இது நுழையாதே."

"ஆகா... நான் நம்பி விட்டுட்டுப் போகணும், நீங்க தூக்கிட்டுப் போகணும். நல்லா இருக்கே கதை! யார்கிட்ட அளவு பத்திப் பேசறீங்க?" கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை உருவினாள். இரண்டு கண்மணிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அளக்கிற ஸ்கேல் அது. அதை வைத்துக் கறுப்புப் பெட்டியை அளந்தாள். கார்டை அளந்தாள். மறுபடியும் அளந்தாள்... கார்டு ஒரு சுண்டுவிரல் நீளம் அதிகம்.

காது வரைக்கும் சூடேறியது அவளுக்கு. அவன் மட்டும் சிரித்திருந்தால் அந்தப் பெட்டி அவன் காலில் விழுந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. "எல்லாரும் பண்றதுதான். நான் முதல் தடவை பண்ணினப்போ கேபினட்டையே ரம்பத்தால அறுத்தேன்" என்றான்.

இப்போது சிரித்தது அவள்தான்.

"யாருக்கு இது? தம்பிக்கா?"

"எங்க அப்பாவுக்கு."

அவன் புருவம் உயர்ந்தது. அவளும் ஏனோ, முன்பின் தெரியாத அந்த ஆளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மழைதான் காரணம் என்று பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பஸ் டிரைவரான அப்பா, வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஒரு பாகமாகத் தேடிப்பிடித்து, சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தானே கோத்தது. அதன் பக்கவாட்டு மூடி கடைசிவரை மூடவே இல்லை. உள்ளே சுற்றுகிற மின்விசிறி போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அதில் ஒரு கார் பந்தயம்... ஒரே கீபோர்டில் இரண்டு பேர் விளையாடலாம். அக்காவின் விரலும் அவள் விரலும் பின்னிக்கொண்டு சண்டை வரும். நிஜ பஸ்ஸில் ஒரு கீறல் விழவிடாத அப்பா, அந்தக் காரை மட்டும் நேராகக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுவார். "ஐயோ பாவம், இவரை நம்பி எத்தனை பேர் ஏறினாங்களோ!" என்று அம்மா சோஃபாவிலிருந்து கத்துவாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அம்மா போய்விட்டாள். அக்கா கல்யாணமாகித் தூரமாகப் போய்விட்டாள். அப்பா இப்போது ஹாலில் உட்கார்ந்து, டிவியில் எதையோ ஓடவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் ஒரு 'உம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை அக்கா வர்றா, ரொம்ப நாள் கழிச்சு. அன்னைக்கு எங்க அப்பா ஒரே ஒரு தடவை பழைய மாதிரி சிரிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவன் கார்டுப் பெட்டியை எடுத்து அலமாரியிலேயே திரும்ப வைத்தான்.

"உங்களுக்கு வேணாமா?"

"வீட்ல ஒண்ணு இருக்கு. சும்மா ஒரு ஆசை. வாங்க, முதல்லேர்ந்து பார்ப்போம்."

டாக்டர் மாதிரி கேள்வி கேட்டான். சோஃபாவுக்கும் டிவிக்கும் எவ்வளவு தூரம்? அப்பா பாட்டு கேட்பாரா? படம் பார்ப்பாரா?

"பழைய பாட்டுன்னா உயிர்."

"அப்போ பெரிய ஃபேனா போடணும். பெருசுன்னா மெதுவா சுத்தும், சத்தம் இருக்காது. பாட்டு நடுவுல இது ஒரு ராகம் பாடக்கூடாது பாருங்க. கேபினட்டையும் கொஞ்சம் அகலமா எடுப்போம், அந்தக் கார்டும் நுழையணும், உள்ளே காத்தும் போகணும்... கலர் கலரா லைட் எரியற ரேம் வேணுமா?"

"எங்க ஹாலுக்கா? என்ன இது, சர்க்கஸ் கூடாரமான்னு கேட்பாரு!"

அவன் சிரித்தான். கோணல் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் முழுசாகச் சிரித்தன. எத்தனையோ கண்களைப் பார்த்தவள்தான். ஆனால் இப்படி... சேச்சே, என்ன நினைப்பு இது! அவசரமாக ரேமின் விலைச்சீட்டைப் படிக்க ஆரம்பித்தாள். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் மத்தியானம், சாமான்களைக் கோத்துக் கொடுக்க அவனே வீட்டுக்கு வந்தான். அதே சாப்பாட்டு மேஜை. அப்பா பேப்பருக்குப் பின்னால் மறைந்திருந்தார். ஆனால் பேப்பர் ஒரே பக்கத்தில் நின்றுவிட்டதை அவள் கவனிக்காமல் இல்லை.

"தம்பி லிஃப்ட் பார்க்கிறவர்னு சொன்னா. அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"ரெண்டுமே ஒண்ணுதான் ஐயா. பொருத்தம் சரியா இருந்தா சத்தமே வராது."

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. அப்பாவே ஒரு கேள்வி கேட்டுவிட்டார்! அவளுக்கு அந்த நெட்டைக் கொக்கின் மேல் திடீரென்று அத்தனை பிரியம் வந்தது.

மதர்போர்டு உட்கார்ந்தது. அதில் ப்ராசஸர் உட்கார்ந்தது. அவள் செல்ஃபோன் வெளிச்சம் பிடித்தாள். அவன் குனியும்போதெல்லாம் கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியது. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே... எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"கொடுங்க அதை."

"எதை?"

கண்ணாடியை அவளே கழற்றிவிட்டாள். அவன் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், மறு கையில் ப்ராசஸரின் சூட்டைத் தணிக்க அதன் மேல் வைக்கவேண்டிய கூலர். அசைய வழியில்லை. கண்ணாடியின் காம்பை லேசாக வளைத்து, மறுபடி அவன் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் விரலால் அழுத்தி, சரியாக இருக்கிறதா என்று அருகே குனிந்து பார்த்தாள். கண்ணுக்கு நேரே கண்... ஜன்னலில் மழை தட்டிக்கொண்டிருந்தது. இமைக்க மறந்து நின்றான் அவன்.

"இப்போ... சரியா தெரியுதா?"

"ரொம்ப நல்லா தெரியுது" என்றான். குரல் எங்கேயோ இருந்து வந்தது.

அப்பா பேப்பரைச் சத்தமாகத் திருப்பினார். அவன் திடுக்கிட்டுக் கூலரை வைத்தான், திருகினான், மற்றதையெல்லாம் பூட்டினான். டிவியில் வெளிச்சம் வந்ததோ இல்லையோ, அவன் ஃபோன் அடித்தது. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம்.

"விளையாட்டு ஓடவிட்டுப் பார்த்திருக்கணும்... பரவால்ல, என் வேலை தப்பாது" என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். மூன்று பேரும் சோஃபாவில் நெருக்கி உட்கார்ந்தார்கள். "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்..." என்று இழுத்த அப்பா, திரையில் காரை ஓட்டுகிற கன்ட்ரோலரைக் கையில் திணித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கார் கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு... அப்பாவின் உதட்டோரம் துடித்தது. இதோ, இதோ வரப்போகிறது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பொட்டென்று திரை கறுத்தது.

மறுபடி போட்டார்கள். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு மறுபடி கறுத்தது. மூன்றாவது தடவையும் அதே கதைதான். அப்பா கன்ட்ரோலரை மெதுவாகச் சோஃபாவில் வைத்தார். "விடும்மா. நமக்கு இனிமே எதுக்கு" என்று எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அக்காவோ விடவில்லை. "கடையில பார்த்த ஆளை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தியாக்கும்? உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான் போ!"

அவமானமும் அழுகையுமாக அவனுக்கு ஃபோன் போட்டாள்.

"என்ன வேலை செஞ்சீங்க நீங்க? அப்பா எழுந்து போயிட்டாரு!"

"அணைஞ்சுதா? வாய்ப்பே இல்லையே. மேலே துணி ஏதாவது போட்டு மூடியிருப்பீங்க."

"துணியா? நாங்க என்ன பச்சைக் குழந்தைகளா?"

"பின்னே? நான் கோத்து இதுவரைக்கும் ஒண்ணுகூட நின்னதில்லை. லிஃப்ட்டுல மனுஷங்க உயிரே என்னை நம்பித் தொங்குது."

"பெருமையை நீங்களே வெச்சுக்கோங்க. இனிமே இந்தப் பக்கமே வராதீங்க!"

வைத்துவிட்டாள். கம்ப்யூட்டர் போனதற்கு இவ்வளவு வலிக்குமா என்ன? 'அவன் நல்லவன்னு நினைச்சேனே...' என்று மனசு புலம்பியது. அதுதான் வலித்தது.

சாயங்காலம் வாசலில் மணி அடித்தது. தொப்பலாக நனைந்து, கையில் கருவிப்பெட்டியோடு அவன்.

"வராதீங்கன்னு சொன்னேன்."

"சரி பண்ணிட்டுப் போயிடறேன். அப்புறம் வரல."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டு அப்பாவும் வந்தார். அவன் மூடியைத் திறந்து கூலரைக் கழற்றித் திருப்பினான். அப்படியே சிலையாகிவிட்டான். பிறகு எதையோ உரித்து எடுத்து, சட்டென்று உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

பக்கத்தில் நின்ற அவள் மட்டும் அதைப் பார்த்தாள். அவனும் அவள் பார்த்ததைப் பார்த்தான். மற்றவர்களிடம் 'பாகத்துல கோளாறு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் பெருமைக்கு ஒரு குறையும் வராது. அவள் காத்திருந்தாள்.

அவன் கையை விரித்தான். கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்.

"ஐயா, தப்பு என்னுதுதான். கூலரோட அடியில இது ஒட்டியிருக்கும். உரிச்சுட்டுத்தான் பொருத்தணும். இது நடுவுல இருந்தா சூடு வெளியே போகாது, மெஷின் தானா அணைஞ்சுடும். நான் உரிக்காமலே பொருத்திட்டேன். உங்க பொண்ணுகிட்ட வேற வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அக்கா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "உரித்த பிறகே பொருத்தவும்னு சிவப்புல இவ்வளவு பெருசா போட்டிருக்கே! இதை எப்படிங்க மறந்தீங்க?"

அவன் காதுகள் சிவந்தன.

"ஏம்மா அவரைப் போட்டு வறுக்கற?" என்றார் அப்பா. "காலம் பூரா பஸ் ஓட்டினவன் நான். டிரைவர் எதைப் பார்த்துக் கவனம் தப்பினான்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு இங்கேதானே உட்கார்ந்திருந்தேன்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "ஓகோ..." என்று நீட்டி முழக்கினாள். தங்கைக்குத் தரையில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவன் கூலரைத் திரும்பப் பொருத்தி மூடியதும் கார் மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை திரை கறுக்கவில்லை. ஐந்தாவது வளைவில் அப்பா நேராகப் போய்ச் சுவரில் மோதினார். "அப்பா! உங்களை நம்பி எத்தனை பேர் ஏறினாங்களோ!" என்று அக்கா அச்சு அசல் அம்மா மாதிரியே கத்தினாள். ஒரு நொடி ஹாலே நிசப்தமானது. அப்புறம் வெடித்தது அப்பாவின் சிரிப்பு... அதே சிரிப்பு. சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். அவளுக்கும் கண் மறைத்தது.

திரும்பிப் பார்த்தால் அவனைக் காணோம். குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கேட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

"சொல்லிக்காமலே போறீங்க?"

"வரமாட்டேன்னு சொன்னேனே."

"ஒண்ணு கேட்கவா? கையை மூடினீங்களே... அப்படியே மறைச்சிருக்கலாமே?"

"மறைச்சிருக்கலாம். நீங்க மட்டும்தான் பார்த்தீங்க. நீங்க என்னைத் தப்பா நினைக்கிறதை என்னால தாங்க முடியாதுன்னு அப்போதான் எனக்கே தெரிஞ்சுது." மழையில் நனைந்தபடியே பேசினான். "எத்தனையோ மெஷின் கோத்திருக்கேன், அந்தத் தாளை ஒரு தடவைகூட நான் மறந்ததில்லை. அன்னைக்கு நீங்க அவ்வளவு பக்கத்துல வந்து என் கண்ணைப் பார்த்தீங்க... அதுக்கப்புறம் என் கை என்ன செஞ்சுதுன்னே எனக்குத் தெரியாது. உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் குடையை அவன் தலைக்கு மேல் நீட்டினாள்.

"நான் தினமும் எத்தனையோ பேர் கண்ணை அவ்வளவு பக்கத்துல பார்க்கிறேன். அது என் வேலை" என்றாள். "ஒரு நாள்கூட எனக்கு வெட்கம் வந்ததே இல்லை."

அவன் முகம் வாடப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்குத்தான் வந்துச்சு..."