முதுகு காட்டி உட்கார்ந்தவன்

கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. கழுகுமலை போகும் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூட வாசலுக்கு வருவதற்குள் கற்பகத்தின் இடது செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. தை மாதத்தில் யார் கேட்டார்கள் இந்த மழையை? ஒற்றைக் காலில் தள்ளாடியவள் விழப்போன நேரம்... ஒரு கை நீண்டது. அவளைப் பிடிக்க அல்ல, செருப்பைப் பிடுங்க.

"இந்தாங்க. வலது பக்கமா வாங்க, அங்கன கல்லு கெடக்கு."

நிமிர்ந்தாள். மழை வழியும் நெற்றி, அதற்குக் கீழே தூக்கம் கெட்ட இரண்டு கண்கள். அப்படியும் அந்தக் கண்களுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

"யாரைப் பாக்கணும்?"

"பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வந்திருக்கேன். தற்காலிகமா..."

சிரிப்பு அணைந்துவிட்டது. "அது என் கிளாஸு" என்றான். திரும்பிப் போய், வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்த ஆசிரியர்களோடு உட்கார்ந்துகொண்டான்.

அவன் பெயர் சக்திகுமார் என்பதைப் பிள்ளைகள் சொன்னார்கள். பழைய ஓய்வூதியமும் இன்னும் சில கோரிக்கைகளும் கேட்டு அரசு ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் திரும்பாதவர்கள் சஸ்பெண்ட் என்று உத்தரவு வந்திருந்தது. இடையில் பிள்ளைகளுக்கு நடத்த அவளைப் போன்றவர்களை எடுத்திருந்தார்கள். பி.எட். முடித்துவிட்டுக் காத்துக் காத்துச் சலித்துப்போனவளுக்கு இந்த வேலை பெரிசு. வெளியே இருப்பவன் வயிறெரிந்தால் எரியட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஆனால் கண் கேட்டால்தானே? வகுப்பு ஜன்னல் வழியாக அவள் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆள் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் எல்லாரும் வாசலைப் பார்த்திருக்க, இவன் மட்டும் ரோட்டைப் பார்த்து. ஏனாம்? பள்ளிக்கூடத்தின் மேல் கோபமா, தன் மேலா? பகலெல்லாம் இந்த யோசனை அவளை அரித்தது.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அவளே போய்விட்டாள்.

"சார், என்னைப் பாக்கப் பிடிக்காமத்தான் திரும்பி உக்காந்திருக்கீங்களா?"

"முக்கோணத்தை நல்லா நடத்துதீங்க டீச்சர். கடைசி பெஞ்சுல செல்வமாரிக்கு மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. புரியாட்டியும் தலையாட்டுவா."

"முதுகுல காது இருக்கோ?"

சிரித்துவிட்டான். சிரித்ததும் அவளுக்கு என்னவோ செய்தது. அதை மறைக்கச் சண்டைக்குப் போனாள்.

"பரீட்சை பக்கத்துல வந்திருச்சு. பிள்ளைகளைத் தவிக்க விட்டுட்டு இப்படி உக்காருதது தப்பில்லையா?"

"தப்புதான். அதான் திரும்பி உக்காந்திருக்கேன்" என்றான். "அதுக முகத்தைப் பாத்தா எந்திரிச்சு உள்ள போயிருவேன். போனா, எங்களுக்குக் கேக்கதுக்கு வேற வழி இல்ல."

சண்டை போட வந்த இடத்தில் இப்படி ஒப்புக்கொண்டால் எப்படிச் சண்டை போடுவது... ராஸ்கல்!

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த அப்பா கோபாலசாமி, வண்டியில் ஏறியதுமே ஆரம்பித்தார். "மாசமானா சம்பளம் வாங்குதவிய, நெனச்சா உக்காந்துக்கிடுதாவ. நம்ம உளுந்தெல்லாம் நனைஞ்சு போச்சு. நான் யாரை எதுத்து ஸ்டிரைக் பண்ண? மழையவா?"

நியாயம்தானே என்றிருந்தது கற்பகத்துக்கு. மறுநாள் அதை அப்படியே சக்திகுமாரிடம் போட்டாள். இப்போது சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் கால் தானாக வேப்பமரத்துக்குப் போனது.

"உங்கப்பா கேக்கது சரிதான். அவியளுக்கும் கேக்க ஒரு வழி இருக்கணும். அதுக்காக இருக்கதையும் பிடுங்கிட்டா யாருக்கு லாபம்?"

"பிள்ளைகளுக்கு?"

"தெரியல டீச்சர். இதை நானும் தெனமும் யோசிக்கேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆணை அவள் அதிகம் பார்த்ததில்லை. அப்போது பின்னால் கோஷம் எழும்பியது. அவனும் எழுந்து கையை உயர்த்தினான்.

"தற்காலிக ஆசிரியரை நிரந்தரமாக்கு!"

கற்பகம் திகைத்துப் போனாள். தினமும் காதில் விழுந்த கோஷம்தான். கோபத்தில் ஒரு நாளும் அவள் கவனித்துக் கேட்டதில்லை. தன் இடத்தில் வந்து உட்கார்ந்தவளுக்காகவும் சேர்த்தா இவன் மழையில் நனைகிறான்? கண் கலங்கிவிட்டது. மழை பெய்தது நல்லதாய்ப் போயிற்று, யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை. பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து மணிக்கு வேப்பமரத்தடியில் அவன் மட்டும் இருந்தான்.

தலைமை ஆசிரியை பாண்டியம்மாள் அவளைக் கூப்பிட்டார். "திங்கக்கிழமையிலருந்து அந்த எடத்துல நீதாம்மா. பிள்ளைகளுக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு."

இதற்காக எத்தனை கோயிலுக்கு வேண்டியிருப்பாள்! நாக்கு நுனி வரை சரி என்ற சொல் வந்துவிட்டது. ஜன்னலில் அந்த முதுகு தெரிந்தது.

"வேற எங்கன போட்டாலும் போறேன் டீச்சர். அவர் எடத்துல உக்கார மாட்டேன்."

வாசலில் வண்டியோடு நின்ற அப்பாவிடம் சொன்னபோது, "கிறுக்குப் பிடிச்சிருக்காட்டி ஒனக்கு?" என்றார். அவள் நிற்காமல் நடந்தாள். கல் பார்த்து நடக்கத் தோன்றவில்லை. கணுக்கால் வரை சேறு.

"நான் வேலையை விட்டுட்டேன்."

சக்திகுமார் பதறி எழுந்தான். "ஏன் இப்படிச் செஞ்சீங்க? நீங்க வந்திருந்தா பிள்ளைகளாவது நல்லா இருக்கும்னு நெனச்சேனே. நான் என்ன, கேஸு கீஸுன்னு அலைஞ்சாவது..."

"உங்க வேலை எனக்கு வேண்டாம்." அப்பா கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தும் நிறுத்தவில்லை. "நீங்க வேணும்."

இத்தனை நாள் கோஷம் போட்டவன் அப்போது தணிந்த குரலில் கேட்டான்.

"சம்பளம் இல்லாதவன்ட்டயா கேக்குதீங்க?"

"ஆமா. கேக்கதுக்கு எனக்கும் உரிமை இருக்குல்ல?"

பின்னால் கோபாலசாமி செருமினார். "நான் கவர்மெண்டு மாப்பிள்ளைதான் வேணும்னு சொல்லியிருந்தேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

சக்திகுமார் அவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கொஞ்சம் பொறுக்கணும் மாமா" என்றான். "வேலையை வாங்கிட்டு வாரேன்."